மேத்யூ பெர்ரி வழக்கு: கொடுத்தவன் உள்ளே போறான், சரி. கேட்டவன்?

கூவம்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

2025 டிசம்பர் 3 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றம் டாக்டர் சால்வடோர் பிளசென்சியாவுக்கு 30 மாதச் சிறை விதித்திருக்கிறது. ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரில் சாண்ட்லராக வந்த மேத்யூ பெர்ரிக்குக் கெட்டமைன் என்ற மயக்க மருந்தை விற்ற வழக்கு. பெர்ரி 2023 அக்டோபர் 28-ல் தன் வீட்டு வெந்நீர்த் தொட்டியில் இறந்துகிடந்தார். வயது 54. கெட்டமைனின் கடும் விளைவுதான் முதல் காரணம், நீரில் மூழ்கியது, இதய ரத்தக்குழாய் நோய், பியூப்ரினார்பின் (போதைப் பழக்கத்தை விடத் தரும் மருந்து) மூன்றும் துணைக் காரணங்கள் என்றது பிரேதப் பரிசோதனை அறிக்கை. வழக்கில் சிக்கிய 5 பேருமே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

இந்தச் செய்திக்குக் கீழே நம்ம ஆட்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் இங்கே வருகிறேன். “காசு கொழுப்பு”, “அவனே கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டான், டாக்டர் என்ன பண்ணுவார்”, “குடிகாரனுக்கு எதுக்கு நீதி”. இதே மக்கள் 2023-ல் “போயிட்டியே சாண்ட்லர்” என்று ஸ்டேட்டஸ் வைத்தவர்கள்தான். இரண்டு வருடத்தில் என்ன மாறியது? அவர் குடி, மாத்திரை விஷயம் எதுவும் புதிதாகத் தெரியவந்ததல்ல. 2022 நவம்பரில் வந்த தன் வரலாற்றில் எல்லாவற்றையும் அவரே எழுதிவைத்துவிட்டுத்தான் போனார். நான் உடல் பருத்திருந்தால் அது குடி, மெலிந்திருந்தால் மாத்திரை, தாடி வைத்திருந்தால் நிறைய மாத்திரை, பழைய காட்சிகளைப் போட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்று.

போதைக்கு அடிமையானவர் செத்தால் பொறுப்பை யார் கணக்கில் எழுதுவது? தெரிந்தவர்கள் பேசுங்கள்.

சுள்ளான்77

நான்தான் அந்த “கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டான்” கோஷ்டி, வெச்சுக்கோங்க. ஒரு கட்டத்துல தினம் 55 விகோடின் வலி மாத்திரை போட்டதா அவரே எழுதியிருக்கார். 2018-ல பெருங்குடல் வெடிச்சு சாவு வரைக்கும் போய் வந்தார். போதையை விடறதுக்காக மட்டும் கிட்டத்தட்ட 90 லட்சம் டாலர் செலவு, 15 தடவை மறுவாழ்வு மையம். இவ்வளவு வாய்ப்பு உலகத்துல எத்தனை பேருக்குக் கிடைக்கும்? சித்தாள் வேலைக்குப் போறவனுக்கு ஒரு தடவை கிடைக்குமா?

போதைக்கு அடிமையாகறதும் ஒரு நோய்னு சொல்றவங்க இருக்காங்க. கேன்சர் வந்தவன் யாராவது காசு குடுத்துக் கட்டியை வாங்கி வெச்சுக்கிட்டானா? கையைக் காலைக் கட்டி யாரும் ஊசி போடலை. “பெருசா ஒண்ணு போடு”ன்னு உதவியாளர்கிட்ட அவர்தான் சொன்னார்னு கோர்ட் ஆவணத்துலயே இருக்கு. எனக்கும் அந்தாளைப் பிடிக்கும். அதுக்காகக் கணக்கை மாத்தி எழுத முடியாது.

வழக்காடி

தீர்ப்பைப் பற்றி மட்டும் ஒரு திருத்தம். பிளசென்சியா ஒப்புக்கொண்டது கெட்டமைன் விநியோகித்த நான்கு குற்றங்களை. உயிரைக் குடித்த மருந்து அவர் கொடுத்ததல்ல. அது ஜஸ்வீன் சங்கா என்ற வியாபாரியிடமிருந்து, எரிக் ஃபிளெமிங் என்ற இடைத்தரகர் வழியாக வந்தது. சங்காமீதுதான் ‘மரணத்தில் முடிந்த விநியோகம்’ என்ற குற்றம். ஆக டாக்டர் ஜெயிலுக்குப் போவது பெர்ரி செத்ததற்காக அல்ல, டாக்டராக நடந்துகொள்ளாததற்காக. அடிமைத்தனம் உள்ளவர் என்று தெரிந்தே விற்றார். 12 டாலர் அடக்கமுள்ள குப்பிக்கு 2,000 டாலர் வாங்கினார். “இந்த முட்டாள் எவ்வளவு கொடுப்பான்னு பார்ப்போம்” என்ற அர்த்தத்தில் இன்னொரு டாக்டருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். இரண்டு மாதத்துக்குள் சுமார் 20 குப்பி, 55,000 டாலர்.

இன்னொன்று. அவர் கையால் ஊசி போட்ட ஒரு நாள் பெர்ரியின் உடம்பு அப்படியே விறைத்துப்போய் ரத்த அழுத்தம் எகிறியது. அதைப் பார்த்த பிறகும் மேற்கொண்டு குப்பிகளை வைத்துவிட்டுப் போனார். நோயாளி கேட்டார் என்பது இந்த இடத்தில் சட்டத்துக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஊசிமருந்து

மயக்கவியல் மருத்துவர். அரசு ஆஸ்பத்திரி. கெட்டமைன் எனக்குத் தினசரி மருந்து, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

கெட்டமைனை எல்லாரும் ஏதோ பார்ட்டி போதைப்பொருள் மாதிரி பேசறீங்க. உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கிற மருந்து. விபத்துல அடிபட்டு ரத்த அழுத்தம் இறங்கின நிலையில வர்றவங்களுக்கு, கைக்குழந்தைகளுக்கு, மானிட்டர் வசதி சரியா இல்லாத சின்ன ஆஸ்பத்திரியில, இது எத்தனையோ உயிரைக் காப்பாத்தியிருக்கு. மத்த மயக்க மருந்து மாதிரி இது மூச்சை அவ்வளவா அடக்காது. ஆனா ஆள் நினைவிழந்துடுவார். பக்கத்துல ஒருத்தர் நிக்கணும், தலையைப் பிடிக்கணும். பெர்ரியோட ரத்தத்துல இருந்தது அறுவை சிகிச்சைக்கு முழு மயக்கம் கொடுக்கற அளவு. போட்டவர் மருத்துவப் பயிற்சியே இல்லாத உதவியாளர். அந்தக் கடைசி நாள்களில் தினம் 6 முதல் 8 ஊசி. அப்புறம் தண்ணித் தொட்டி. பயில்வானா இருந்தாலும் மூழ்கிடுவார்.

மனச்சோர்வுக்காக முறைப்படி அவர் எடுத்த கெட்டமைன் சிகிச்சை கடைசியா நடந்தது சாவுக்கு ஒன்றரை வாரம் முன்னாடி. இந்த மருந்து சில மணி நேரத்துல உடம்பை விட்டு இறங்கிடும். அதனால “டாக்டர் கொடுத்த சிகிச்சையால செத்தார்”ங்கறது தப்பு, அறிக்கையே அதைச் சொல்லிடுச்சு.

சுள்ளான் சார், கேன்சர் வாதத்துக்கு என் பதில்: அதை ஏன் கேன்சரோட வைக்கறீங்க? பிபியோட வைங்க. போதையை விட்டவங்கள்ல 40-60 சதவீதம் பேர் மறுபடி விழறாங்க, அமெரிக்க தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தோட கணக்கு. பிபி, ஆஸ்துமா நோயாளிங்க சிகிச்சையைக் கைவிட்டு மறுபடி மோசமாகற விகிதமும் அதே சுற்றளவுதான். மாத்திரையை நிறுத்திட்டு, ஊறுகாயும் கருவாடுமா சாப்பிட்டுப் பக்கவாதத்தோட வர்றவரை “நீயா தேடிக்கிட்டே”ன்னு வாசல்ல நிறுத்தறோமா? திட்டுவோம். திட்டிக்கிட்டே ட்ரிப்ஸ் போடுவோம்.

சுள்ளான்77

டாக்டர் சார், மரியாதையோட ஒண்ணு. வியட்நாம் போர்ல அமெரிக்கச் சிப்பாய்ங்க ஐஞ்சு பேருக்கு ஒருத்தர் ஹெராயினுக்கு அடிமை. லீ ராபின்ஸ்னு ஒரு அம்மா அவங்க ஊருக்குத் திரும்பினப்புறம் தொடர்ந்து கவனிச்சு ஆராய்ச்சி பண்ணாங்க. அடிமையா இருந்தவங்கள்ல முதல் வருஷத்துல மறுபடி அடிமையானது 5 சதவீதம் மாதிரிதான். பிளேன் ஏறினா குணமாகிற நோய் எது சார்? பிபி குணமாகுமா?

ஊசிமருந்து

நல்ல அடி. அந்த ஆய்வு உண்மைதான், எங்க துறையில அதைக் கண்டு நெளியறவங்க உண்டு. ஆனா அது “மனசு வெச்சா விடலாம்”னு சொல்லலை. காடு, சாவு பயம், கை நீட்டினா கிடைக்கிற சுத்தமான ஹெராயின் எல்லாத்தையும் விட்டு வீட்டுக்கு வந்தாங்க. சூழல் மாறிச்சு. பெர்ரிக்கு எந்தச் சூழல் மாறிச்சு?

எங்க ஆட்கள் கதையையே சொல்றேன். அமெரிக்காவுல போதைக்கு அடிமையான டாக்டர்கள் 900 பேருக்கு மேல எடுத்து 5 வருஷம் கவனிச்ச ஆய்வு 2008-ல வந்தது. எப்ப வேணாலும் கூப்பிட்டுச் சிறுநீர்ப் பரிசோதனை. மாட்டினா தொழில் உரிமம் ஆபத்துல. நாலுல மூணு பேருக்கு மேல அந்த 5 வருஷமும் ஒரு தடவைகூட மாட்டலை. மத்தவங்களோட விகிதத்தோட ஒப்பிட்டா நம்ப முடியாத கணக்கு. பொறுப்பைத் தலையில வெச்சா வேலை செய்யுது, சுள்ளான் சார் சொல்றது பாதி சரி. ஆனா வெளியில இருந்து ஒருத்தர் பிடிச்சு வெக்கணும். பெர்ரியைச் சுத்தி இருந்தவங்களைப் பாருங்க: உதவியாளர் அவர்கிட்ட சம்பளம் வாங்கறவர், டாக்டர் அவர்கிட்ட காசு வாங்கறவர், இடைத்தரகர், வியாபாரி எல்லாமே அவர் பாக்கெட்டை நம்பினவங்க. “முடியாது”ன்னு சொல்லக்கூடிய ஒரு ஆள் அந்த வீட்டுக்குள்ள இருந்த மாதிரி தெரியலை. அவர் பணம்தான் அவருக்கு வியட்நாம்.

ஸ்காபரோக்காரன்

பெர்ரி ஒட்டாவாவில வளந்த ஆள். தாய் அப்ப கனடாப் பிரதமரா இருந்த பியர் ட்ரூடோவுக்கு ஊடகச் செயலாளரா இருந்தவ. பள்ளிக்கூடத்தில சின்ன ட்ரூடோவுக்கு, அதுதான் பிறகு பிரதமரா வந்த மகன் ஜஸ்டினுக்கு, தான் அடிச்சதெண்டு பெர்ரியே பகிடியாச் சொன்னவர். அதால இஞ்ச கனடாவில அவர் செத்த நேரம் சொந்தக்காரன் செத்த மாதிரித்தான் எல்லாரும் கதைச்சவை.

அதே கனடாவில நடந்ததையும் பாருங்கோ. பிரிட்டிஷ் கொலம்பியாவில 2023 தை மாசம் சின்ன அளவு போதைப்பொருள் வச்சிருந்தால் குற்றமில்லையெண்டு பரீட்சார்த்தமாக் கொண்டு வந்தவை. 2024 வைகாசியில பொது இடத்தில பாவிக்கிறதைத் திரும்பக் குற்றமாக்கிப் போட்டினம். எங்கட ஒன்டாரியோவில பள்ளிக்கூடம், பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களில இருந்து 200 மீற்றருக்குள்ள இருந்த கண்காணிப்பு ஊசி நிலையங்களை, அதாவது ஆக்கள் கண்காணிப்பில போதை ஊசி போடுற இடங்களை, 2025 பங்குனி முடிய மூடச் சொல்லிச்சினம். எங்கட சனத்தில கன பேர் அதை வரவேற்றவை. பெர்ரிக்கு அழுத ஆக்களும் அதுக்குள்ள இருந்தவை. தெருவில ஊசியோட கிடக்கிறவனையும் பெர்ரியையும் ஒரே வருத்தக்காரரெண்டு அவைக்கு விளங்கேல்லை. விளங்கினாலும் பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போற தாய்க்கு என்னத்தைச் சொல்லுறது? நானும் அந்தப் பக்கத்தாலதான் பிள்ளையோட நடக்கிறனான். எனக்கும் பயம்தான்.

கூவம்கரையான்

ஸ்காபரோ அண்ணன் சொன்னதுதான் என் கேள்வியின் அடிவேர். நம்ம ஊர்க் கணக்கையும் எடுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அரசு குடும்பத்துக்கு 10 லட்சம் என்றதும் என்ன சத்தம்! “குடிச்சுச் செத்தவனுக்கு 10 லட்சம், எல்லையில செத்தவனுக்கு எவ்வளவு?” என்று மீம்ஸ். அதை எதிர்த்துப் பொதுநல வழக்கே போட்டார்கள். அங்கே செத்தவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிகள். அவர்கள் சாராயத்தைத்தான் கேட்டு வாங்கினார்கள், மெத்தனாலைக் கேட்டு வாங்கவில்லை. ஆனாலும் “கேட்டு வாங்கினான்” என்ற வரி அவர்களுக்கு உடனே ஒட்டியது. பெர்ரிக்கு ஒட்ட இரண்டு வருடம் ஆனது. சாண்ட்லர் நம்மைச் சிரிக்க வைத்தார், அதனால் கொஞ்சம் தவணை கொடுத்தோம்.

பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸ் ஞாபகம் இருக்கிறதா? 2011 ஜூனில் பெல்கிரேட் மேடையில் தள்ளாடினபோது கூட்டம் கூச்சல் போட்டு அவமானப்படுத்தியது. ஜூலை 23-ல் லண்டனில் 27 வயதில் செத்தார். ரத்தத்தில் 100 மில்லிக்கு 416 மில்லிகிராம் ஆல்கஹால், பிரிட்டனில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்டதைப் போல் ஐந்து மடங்குக்கு மேல். அப்புறம் வீட்டு வாசலில் பூங்கொத்துக் குவியல்.

நெறியாளர்

நம் ஊர் நடிகர்கள் சிலர் பெயரைப் போட்டு “இவரும் இப்படித்தான் போனார்” என்று எழுதிய பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மருத்துவ அறிக்கையும் நீதிமன்ற ஆவணமும் பொதுவில் உள்ள வழக்கைப் பேசுங்கள். வதந்தி வேண்டாம். டாஸ்மாக்கை மூடுவது பற்றித் தனி இழை இருக்கிறது.

மஞ்சள்மாநகர்

எல்லாம் படிச்சேனுங்க. டாக்டர் சொல்றதும் சரி, அந்த சுள்ளான் தம்பி சொல்றதும் சரின்னு தலையாட்டிட்டே வந்தேன். ஆனா ஒண்ணு சொல்லணும்.

குடி ஒரு நோய்னு எங்கூட்டுக்காரரை வெச்சுட்டு எனக்கு டாக்டருங்க, கவுன்சிலருங்க எல்லாரும் சொல்லியாச்சு. ஒத்துக்கறேன். ஆனா அந்த நோயாளிக்கு எந்த நகை எந்த டப்பாவுல இருக்குதுன்னு மட்டும் மறக்கவே இல்லீங்க. பையன் ஃபீஸ் கட்டற தேதி மறந்துச்சு, அது மறக்கலை. அப்ப மூளை எங்க கெட்டுப் போச்சுங்க?

இன்னொண்ணு. நீங்க எல்லாரும் குடிக்கறவனா, கொடுக்கறவனான்னு பேசறீங்க. எங்க பக்கம் அந்தப் பேச்சே வராதுங்க. “பொண்டாட்டி சரியில்லை, அதான் குடிக்கறான்” அவ்வளவுதான். மாமியார் வீட்ல, பஸ்ல, கல்யாண வீட்ல, எங்க போனாலும் பொறுப்பு என் தலையிலதான் வந்து உக்காரும். பெர்ரிக்குக் கல்யாணம் ஆகலை. ஆகியிருந்தா இந்நேரம் அந்தப் பொண்ணு பேரு நாறியிருக்கும்.

இன்றுமட்டும்

அக்கா, வணக்கம். நான் உங்க வீட்டுக்காரர் பக்கத்து ஆள். சில வருஷமா குடியில்லாம இருக்கேன், ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போறேன், குடியை விடறவங்க ஒருத்தருக்கொருத்தர் கை குடுக்கற இடம்.

நகை டப்பா கேள்விக்கு உள்ள இருந்து பதில்: மூளை கெட்டுப்போகலை அக்கா, வேற முதலாளிகிட்ட வேலைக்குப் போயிடுச்சு. முன்னைவிடக் கூர்மையா வேலை செய்யும். பொய் சொல்ல, ஒளிச்சு வைக்க, கடை திறக்கற நேரம் கணக்குப் போட. இதைச் சொல்றது எனக்குச் சலுகை கேக்க இல்லை. நான் எடுத்தது எடுத்ததுதான், திருப்பிக் குடுக்க வேண்டியதைக் குடுத்துக்கிட்டுதான் இருக்கேன். எங்க பன்னிரண்டு படிகள்ல யார் யாருக்குத் தீங்கு பண்ணினோம்னு பட்டியல் போட்டு ஈடு செய்யறதும் ஒரு படி. நோய்னு ஒத்துக்கிட்டவன்தான் அந்தப் பட்டியலைப் போடறான். “நான் குடிகாரன் இல்லை, எப்ப வேணா விடுவேன்”னு சொன்ன காலத்துல நான் யாருக்கும் பட்டியல் போடலை.

பெர்ரி 2013 டிசம்பர்ல பிபிசியோட நியூஸ்நைட் நிகழ்ச்சியில பத்திரிகையாளர் பீட்டர் ஹிட்சன்ஸ்கூட மோதினார், வீடியோ கிடைக்கும், பாருங்க. அடிமைத்தனம்னு ஒண்ணு கிடையவே கிடையாது, அது கட்டுக்கதைன்னார் ஹிட்சன்ஸ். பெர்ரி சொன்னது எங்க கூட்டத்துப் பாடம்: உடம்புக்கு ஒவ்வாமை, மனசுக்கு விடாத நினைப்பு, ஆரம்பிச்சா என்னால நிறுத்த முடியாது. முதல் கோப்பை வரைக்கும்தான் என் அதிகாரம், அதுக்கப்புறம் இல்லை. சுள்ளான் அண்ணே, அந்த முதல் கோப்பைக்கு நான் பொறுப்பு. அதுல உங்ககூடச் சண்டை இல்லை.

வழக்காடி

அந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் நோயா இல்லையா என்ற சண்டையை மட்டும் நினைவு வைத்திருக்கிறார்கள். விவாதத்தின் விஷயமே போதைப்பொருள் நீதிமன்றங்கள். 1989-ல் மயாமியில் தொடங்கிய முறை. போதைப் பழக்கத்தால் குற்றம் செய்து பிடிபட்டவரைச் சிறைக்கு அனுப்பாமல் ஒரு நீதிபதியின் கீழ் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். அடிக்கடி நீதிபதி முன்னால் வந்து நிற்க வேண்டும், பரிசோதனை கொடுக்க வேண்டும், ஏய்த்தால் சிறை. முடித்தால் வழக்கு தள்ளுபடியாகலாம். பெர்ரி இதற்காக வாஷிங்டன் வரை போய்ப் பேசினார். அதே 2013-ல் மலிபுவில் தன் பழைய வீட்டையே போதையிலிருந்து மீளும் ஆண்கள் தங்கும் இல்லமாக நடத்தினார்.

அதாவது “நான் நோயாளி, என்னை விட்டுவிடுங்கள்” என்று அந்த ஆள் எங்கும் கேட்கவில்லை. நோயாளியைக் கேள்வி கேட்கிற ஒரு நீதிபதி வேண்டும் என்றுதான் கேட்டார். டாக்டர் சொன்ன அந்த 900 பேருக்கு இருந்தது அதுதான். மற்ற குடிகாரர்களுக்காக அவர் வாதாடி வாங்கித்தர நினைத்த கண்காணிப்பு அவர் வீட்டுக்குள் இல்லை.

நம் பக்கம்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் தொடர்பான மனநிலைகளை மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது. நோயா என்ற கேள்விக்குச் சட்டம் அப்போதே பதில் சொல்லிவிட்டது.

சுள்ளான்77

நீதிபதி முன்னால நிக்க வைக்கிற முறைன்னா எனக்குச் சம்மதம். அதைத்தான் நானும் சொல்றேன். எனக்கு எரிச்சல் தர்றது “பாவம், அவர் என்ன பண்ணுவார்”ங்கற பேச்சு. அப்ப அந்த உதவியாளர், கென்னத் இவமாசா, அவரை என்ன பண்றது? தினம் ஊசி போட்டது அவர் கை. அவரும் பாவமா? சம்பளக்காரர், முதலாளி சொன்னார், செஞ்சார், அப்படியா?

மஞ்சள்மாநகர்

அவரைத் திட்ட எனக்கு வாய் வர்லீங்க. விடியக்காலையில கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, உசுரு போற மாதிரி துடிக்கிற ஆளுக்கு ஒரு குவாட்டர் வாங்கிட்டு வந்து குடுக்காத பொண்டாட்டி எங்க தெருவுல இல்லீங்க. குடுக்கலைன்னா அடி. குடுத்தா “நீதான் குடுத்துக் கெடுத்தே”ம்பாங்க.

ஊசிமருந்து

அம்மா, இதைப் படிக்கிற மத்தவங்களுக்காகவும் சொல்லிடறேன். நாள்பட்டு நிறையக் குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா வலிப்பு, குழப்பம் வந்து உயிரே போகலாம். அந்த நடுக்கம் நடிப்பில்லை. வீட்டுல வெச்சுக் கட்டிப்போட்டு நிறுத்த வைக்கிற வேலை வேண்டாம், ஆஸ்பத்திரியில சேர்த்துத்தான் நிறுத்தணும். அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுகள்ல பார்க்கறாங்க. 14446-க்குப் போன் பண்ணினா ஆலோசனை கிடைக்கும், இலவசம். சென்னைன்னா அடையாறு பக்கம் டிடிகே மருத்துவமனை. 1980-ல சாந்தி ரங்கநாதன், குடியால கணவரை இழந்தப்புறம் தொடங்கினது. அங்க குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை, அது முக்கியம். தனியார் மறுவாழ்வு மையம்னா மாநில மனநல ஆணையத்துல பதிவு இருக்கான்னு கேளுங்க. அடிச்சுத் திருத்தறோம்னு சொன்னா எழுந்து வந்துடுங்க.

வழக்காடி

சுள்ளானுக்கு: இவமாசா மரணத்தில் முடிந்த கெட்டமைன் விநியோகச் சதியை 2024 ஆகஸ்டிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். அதிகபட்சம் 15 வருடம் வரை போகலாம். 2025 டிசம்பர் தொடக்கம் வரை தண்டனை அறிவிக்கப்படவில்லை. “முதலாளி சொன்னார்” என்பது குற்றத்தை அழிக்காது, தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கத்தான் உதவும். அவர் ஒத்துழைத்ததையும் நீதிபதி பார்ப்பார்.

சுள்ளான்77

தண்டனை வந்ததும் இந்த இழையை மேல தூக்கி விடுங்க. அந்தம்மா சொன்னதுக்கப்புறம் அவருக்கு எவ்வளவு குடுக்கணும்னு எனக்குச் சொல்லத் தெரியலை. பிளசென்சியாவுக்கு 30 மாதம் கம்மி, அதுல சந்தேகமே இல்லை.